எழுபது ஹெக்டேரிலிருந்து ஸ்காபரோவுக்கு

விமான நிலையத்திலிருந்து என் சகலன் தேவனின் வீட்டுக்குக் காரில் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் பிரான்ஸிலுள்ள என் ஊரை எல்லையோரமாக நடந்தே ஒரு சுற்றுச் சுற்றி, வழியில் பாணும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். இதைக் காரில் வைத்தே சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மனைவி ரதி யன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டக்கொடுத்து நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவன் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மறு கையால் இடமும் வலமும் காட்டினான்.

"இது ஃபோர்-ஓ-வன் அண்ணை. இஞ்ச எங்க போறதெண்டாலும் இதில ஏறினாச் சரி."

1988ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை பின்நேரம் அது. பாரிஸிலிருந்து எட்டு மணித்தியாலம் பறந்து வந்த களைப்பு எனக்கு. ஆனால் உண்மையில் என்னைக் களைக்கவைத்தது அந்தக் கார்தான். நீளமான கார். முன்சீற்றில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். அதில் தேவன் சாய்ந்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தத் தேவன் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரதியின் தங்கை சாந்தியைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது இளையவன். கலியாண வீட்டில் எனக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூச்சப்பட்டவன். 83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் பிரான்ஸுக்குப் போனோம், அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். அவன் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வருட வசந்தத்தில் ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில் வீடு வாங்கினான். சாந்தி படம் அனுப்பினாள். ரதி அந்தப் படத்தை எங்கள் சமையலடுப்புக்கு மேலே, நான் தேத்தண்ணி போடும்போதெல்லாம் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தாள். சகலன்மார் ஒருவரையொருவர் பார்த்து வயிறு எரிவது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. ஆனால் எனக்கு எரிந்தது கொஞ்சம் கூடத்தான்.

எங்களை அழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்களும் கனடாவுக்கு வந்துவிட வேண்டும் என்பது சாந்தியின் ஆசை. விண்ணப்பத்துக்கு அவர்களே பொறுப்பு நிற்பார்களாம். ரதி "போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று எழுதியிருந்தாள். நான் வேறொரு முடிவோடு விமானம் ஏறினேன். இரண்டு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, குறைகளைக் கண்டுபிடிப்பது, மனைவியைப் பத்திரமாகப் பிரான்ஸுக்குத் திருப்பிக்கொண்டு போவது.

வீடு வோபர்னில், மார்க்கம் றோட்டிலிருந்து உள்ளே போகும் வளைந்த தெரு ஒன்றில் இருந்தது. இரண்டு கார் நிற்கக்கூடிய முற்றம், முன்னும் பின்னும் புல். உள்ளே நுழைந்ததும் சப்பாத்து வைக்கவென்று ஓர் அலுமாரி. அதற்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் குசினி அதைவிடப் பெரிது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. தேவன் எங்களைக் கீழே பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். புது வெள்ளை அடித்திருந்தது. ஓர் அறை, ஒரு குளியலறை, மூலையில் தனியாக ஓர் அடுப்பு.

"உது உங்களுக்குத்தான் அண்ணை. நீங்கள் வந்து சேந்தா, காலூன்றுமட்டும் இதில இருக்கலாம். வாடகை கீடகை எண்டு கதைக்கப்படாது."

அவன் அதைப் பெருமைக்காகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! பாவி, மனதாரச் சொன்னான். ரதி குளியலறைக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டில் கோழிக்கறியும் புட்டும். சாந்தி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பரிமாறினாள். "அத்தான், பாரிஸ் எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். இதற்காகத்தானே காத்திருந்தேன். நாங்கள் இருப்பது பாரிஸ் அல்ல என்று தொடங்கினேன்.

வாசகர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பாரிஸைச் சுற்றி வளையமாக ஒரு பெருஞ்சாலை ஓடுகிறது. அதற்கு உள்ளே பாரிஸ், வெளியே புறநகர்கள். பிரான்ஸில் புறநகர் என்றால் தலைநகரின் வால் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கொம்யூன். தனக்கென நகரசபை, தனக்கென மேயர், தனக்கென ஒரு சந்தை. எங்கள் கொம்யூனின் பெயர் பிரே சன் ஜெர்வே. மொத்தப் பரப்பு எழுபது ஹெக்டேர். பிரான்ஸின் ஆகச் சிறிய கொம்யூன்களில் ஒன்று. மேற்கே பாரிஸின் பத்தொன்பதாம் வட்டாரம், வடக்கே பொந்தன், தென்கிழக்கே மேட்டில் லே லிலா. எங்கள் ஊரின் பெயரில் ஒரு மெத்ரோ நிலையம் உண்டு, ஆனால் அது எங்கள் ஊரில் இல்லை. பாரிஸின் எல்லைக்குள் இருக்கிறது. பெயர் எங்களுடையது, நிலையம் அவர்களுடையது. இப்படி எங்கள் சொத்து பக்கத்து வீட்டில் கிடப்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

இந்த எழுபது ஹெக்டேருக்குள் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். நெருக்கத்தில் பாரிஸோடு போட்டிபோடலாம். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த் தட்டில் போர்த்துக்கீசர், இரண்டாம் தட்டில் அல்ஜீரியக் குடும்பம், மூன்றாம் தட்டில் இங்கேயே பிறந்து இங்கேயே கிழவராகிப்போன ஒரு பிரெஞ்சுத் தம்பதி, நாலாம் தட்டில் நாங்கள். சரிவின் மேல்பக்கம் போனால் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய பூங்காக் குடியிருப்பு. சின்னச் சின்ன வீடுகள், ரோசாச் செடிகள். அந்தக் குடியிருப்பும் மூன்று கொம்யூன்களுக்குச் சொந்தம். ஒரு தெருவில் நடக்கும்போதே ஊர் மாறிவிடும், தெருப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும்.

"இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் பதினைஞ்சு நிமிச நடை," என்று முடித்தேன். "பாண் கடை ரெண்டு நிமிசம். சந்தை நாலு நிமிசம். கார் எதுக்கு?"

தேவன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "வடிவாத்தான் இருக்கு அண்ணை. இஞ்ச ஸ்காபரோவும் தனிச் சிற்றிதான். தனி மேயர். நாலரை லட்சம் சனத்துக்கு மேல."

என் ஊரை இருநூறு தரத்துக்கு மேல் உள்ளே வைத்தாலும் ஸ்காபரோ நிரம்பாது. அதை அவன் சொல்லவில்லை. நானே மனதுக்குள் கணக்குப் பார்த்துக் கைகழுவ எழும்பினேன்.

அடுத்த நாட்களில் தேவன் எங்களை எல்லா இடமும் ஏற்றி இறக்கினான். நயகராவுக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். ஏரிக்கரைக்கு அரை மணித்தியாலம். மரக்கறி வாங்கவும் கார்தான். கடை முற்றத்தில் கார்கள் நிறுத்தியிருந்த வெளி எங்கள் ஊர்ச் சந்தைச் சதுக்கத்தைவிடப் பெரியது. வடகிழக்கே ரூஜ் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாக எழும்பும் வீடுகளைக் காட்டினான். மரச்சட்டங்கள் மட்டும் நின்றன, கூரை இல்லை. "ரெண்டு மூண்டு வருசத்தில நீங்களும் இதில ஒண்டு எடுக்கலாம்" என்றான். ரதி இறங்கிப்போய்ச் சுவரில்லாத ஒரு வீட்டின் வாசலால் உள்ளே போய், யன்னல் வரப்போகும் இடத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கைகாட்டினாள். தேவன் காட்டிய வீடு அது, நான் காட்டியது அல்ல.

சாந்திக்குக் கார் ஓடத் தெரியாது. பகல் முழுவதும் குழந்தையோடு வீட்டில் இருப்பாள். தேவன் வந்தால்தான் வெளியே. இதுவே என் கையில் கிடைத்த துரும்புச்சீட்டு. படுக்கும்போது ரதியிடம் மெதுவாகப் போட்டேன்.

"பாத்தீரே உம்மட தங்கச்சியை? பால் வாங்கவும் புருசன் வரவேணும்."

"ம்," என்றாள் ரதி. அவளுடைய "ம்" எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

வெள்ளிக்கிழமை. றிச்மண்ட் ஹில்லில் பேவியூ வீதியில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. "நான் நாலு மணிக்கு வேலை முடிஞ்சு வந்து கூட்டிக்கொண்டு போறன், வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்று தேவன் விடியவே போய்விட்டான். ஆறு நாட்களாக நான் இன்னொருவன் காரில் ஏற்றப்பட்ட மூட்டையாக இருந்தேன். கோயிலுக்காவது என் காலால் போகக் கூடாதா?

குளிர்சாதனப் பெட்டியில் ரொறன்ரோ வரைபடம் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். இங்கேதான் என் புத்தி தன் வேலையைக் காட்டியது. எங்கள் ஊரில் நகரசபை வாசலில் ஒரு வரைபடம் உண்டு. முழுக் கொம்யூனும் அந்த ஒரு பலகைக்குள் அடங்கும். அதில் ஒரு சாண் என்றால் பத்து நிமிட நடை. நாலு வருடம் பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே பழகிவிட்டது. தேவனின் வரைபடத்தில் கையை விரித்து வைத்து அளந்து பார்த்தேன். வீட்டிலிருந்து கோயிலுக்குச் சாணுக்கு மேலே நாலு விரல். புது இடம், அகலமான தெருக்கள், ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டேன். மூலையில் அளவுகோல் அச்சிட்டிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

"ரதி, வெளிக்கிடும். நடந்தே போவம். கோயிலுக்கு நடந்து போனாத்தானே விசேசம்."

சாந்தி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "அத்தான் பகிடி விடுறார்," என்று சிரித்தாள். ரதி சிரிக்கவில்லை. நான் எதிர்பாராத வேகத்தில் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைப் போட்டாள். அவளுக்கு நடப்பதென்றால் சந்தோசம். பத்தரைக்குப் புறப்பட்டோம்.

முதல் கால்மணித்தியாலம் நன்றாகவே இருந்தது. மார்க்கம் றோட்டில் வடக்கு நோக்கி நடந்தோம். பிறகு ஃபோர்-ஓ-வன் குறுக்கிட்டது. பாலத்தின் ஓரத்தில் ஒடுங்கிய நடைபாதை, கீழே லொறிகளின் இரைச்சல். ரதியின் முந்தானை என் முகத்தில் வந்து அடித்தது. எங்கள் ஊரில் பெருஞ்சாலையைக் கடந்தால் ஊரே மாறிவிடும், கொம்யூன் முடிந்து பாரிஸ் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் பாலத்தின் மறுகரையில் றிச்மண்ட் ஹில் தொடங்கும் என்று ஏதோ ஒரு நினைப்பு எனக்கு. இறங்கிப் பார்த்தால் அதே ஸ்காபரோ.

செப்பர்ட் வீதி வந்தது. ஸ்காபரோ. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. நடைபாதையில் எங்களைத் தவிர ஒரு மனிதர் இல்லை. இருந்து களை ஆற ஒரு வாங்கு இல்லை, ஒரு பாண் கடை இல்லை, ஒதுங்க ஒரு வாசல் இல்லை. கார்களில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஃபின்ச் வீதி வந்தது. அதுவும் ஸ்காபரோ. இப்படியும் ஓர் ஊர் முடியாமல் கிடக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நிலத்தையும் வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள்? புல் வளர்க்கிறார்கள்.

ஒரு பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. சாரதி கதவைத் திறந்து எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். றிச்மண்ட் ஹில் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நடந்தா?"

"நடந்து."

"ஐயா, இந்தப் பஸ்சே அங்கே போகாது," என்றார். ஏறச் சொன்னார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கதவு மூடியது. ரதி அந்தப் பஸ் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. அவள் முன்னுக்கு நடக்கத் தொடங்கினாள்.

ஸ்டீல்ஸ் வீதிச் சந்திக்கு வந்தபோது நேரம் ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒருவழியாக ஸ்காபரோ முடிந்தது. வீதிக்கு அப்பால் வீடு இல்லை, வயல்தான். சோளம் இடுப்பளவுக்கு நின்றது. ரதி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இருந்தாள். குதிக்காலில் தோல் உரிந்திருந்தது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. இனி இவள் கனடா என்ற பேச்சையே எடுக்கமாட்டாள், வேலை தானாக முடிந்தது என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ, அங்கால என்ன?" என்று கேட்டாள்.

"சோளம்."

"அதுக்கும் அங்கால?"

"ஆருக்குத் தெரியும்? வேற ஊராயிருக்கும்."

அவள் சிரித்தாள். முகம் வெயிலில் கறுத்துச் சிவந்திருந்தது, ஆனால் அப்படியொரு சிரிப்பை நான் கலியாண வீட்டுப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். "எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு," என்றாள்.

"என்ன, வெய்யிலோ?"

"ரெண்டரை மணித்தியாலம் நடந்தும் முடியேல்லை. அதுதான் பிடிச்சிருக்கு." புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினாள். "நீங்கள் பதினைஞ்சு நிமிசம், பதினைஞ்சு நிமிசம் எண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறியள். பத்து மணிக்கு மெத்ரோ பிடிச்சுப் பாரிசுக்கு வேலைக்குப் போனா, நீங்கள் வரச் சாமம். அந்தப் பதினைஞ்சு நிமிசத்துக்குள்ள நாலு வருசமாச் சுத்துறது நான். எந்தக் கல்லு எங்க பேந்திருக்கெண்டு எனக்குத் தெரியும். நாலாம் மாடி, படியில மூண்டு வீட்டுக்கும் ஒரு கக்கூசு. அதை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்."

உண்மைதான். உங்களுக்கும் சொல்லவில்லை.

"இஞ்ச கார் இல்லாட்டி ஒண்டும் ஏலாது ரதி. சாந்தியைப் பாத்தனீர்தானே?"

"நான் கார் ஓடப் பழகுவன்."

"சாந்தியே பழகேல்லை!"

"அவள் பழகேல்லை எண்டா நானும் பழகக் கூடாதோ?"

அந்த நேரம் பார்த்துத் தேவனின் நீளக் கார் வந்து நின்றது. நாங்கள் திரும்பி வராததால் சாந்தி பயந்து தொழிற்சாலைக்கு ரெலிபோன் அடித்திருக்கிறாள். அவன் அரைநாளில் லீவு சொல்லிவிட்டு மார்க்கம் றோட் நெடுக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். போத்தலில் தண்ணீரும் சாந்தியின் மெத்தென்ற சப்பாத்தும் கொண்டுவந்திருந்தான். அவன் ஏசியிருக்கலாம், சிரித்தாவது இருக்கலாம். "நல்ல தூரம் வந்திட்டியள் அண்ணை," என்றான். "இன்னும் நாலில மூண்டு பங்குதான் இருக்கு."

முன்கதவைத் திறந்தேன். ரதி எனக்கு முன்னால் போய் அங்கே ஏறி இருந்துவிட்டாள். நான் பின்னால், குழந்தையின் கதிரைக்குப் பக்கத்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு. கோயில் வரும்வரை அவள் தேவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எது பிரேக், எது அக்சிலரேற்றர், லைசென்ஸ் எடுக்க எத்தனை நாள் பிடிக்கும், சேலையோடு ஓடலாமோ. தேவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். வயிற்றெரிச்சல் என்ற சொல்லை அதுவரை நான் சும்மா பாவித்திருக்கிறேன். அன்று அது எந்த இடத்தில் எரியும் என்று விரலால் தொட்டுக் காட்டியிருப்பேன். அந்தக் கார்மேல் எரிந்தது, அவன் கைமேல் எரிந்தது, அந்த நெடுஞ்சாலைமேல், முடியாத அந்தப் புல்மேல் எரிந்தது. நான் நாலு வருடம் காட்டாத ஒன்றை ஒரு சோளக்காடு அவளுக்குக் காட்டிவிட்டதே.

பிள்ளையாரிடம் ரதியின் மனம் மாறவேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை, பிள்ளையார் யாருக்குச் செவிசாய்ப்பார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டு கிழமை முடிந்து ஊருக்குத் திரும்பினோம். மறுநாளே ரதி விண்ணப்பப் பத்திரம் எடுக்கப் பாரிஸிலுள்ள கனடியத் தூதரகத்துக்குத் தனியாகப் போய்வந்தாள். நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் போடாமல் என்ன செய்வான்?

இதை எழுதும்போது பத்திரங்கள் எல்லாம் சரிவந்துவிட்டன. வருகிற மாதம் பயணம். ரதி சுவரிலிருந்த தேவன் வீட்டுப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். தேவனை நினைத்து இப்போது எனக்கு அவ்வளவாக எரிவதில்லை. எரிச்சல் வேறு ஆளிடம் போய்விட்டது.

நாங்கள் விட்டுப்போகும் வீட்டை வாடகைக்குப் பார்க்க நேற்று ஒருவர் வந்தார். புதிதாகக் கலியாணம் செய்தவர், எங்கள் ஆள்தான், இவ்வளவு நாளும் தூரத்துப் புறநகர் ஒன்றில் இருந்து ரயிலில் வேலைக்கு அலைகிறவர். படிக்கட்டுக் கக்கூசைக் காட்டினேன், அவர் முகம் சுளிக்கவில்லை. யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே பாண் கடையின் வாசம் மேலே வந்தது. சரிவில் பூங்காக் குடியிருப்பின் சிவப்புக் கூரைகள், எதிர்ப்பக்கம் பெருஞ்சாலை, அதற்கு அப்பால் பாரிஸ்.

"அண்ணை, இவ்வளவு கிட்டவோ?" என்று கேட்டார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்தக் கணத்தில்தான். என் சந்தை, என் சரிவு, வேறு ஊரில் கிடக்கும் என் மெத்ரோ நிலையம், எல்லாம் நாளைக்கு இந்த மனிதனுக்கு.

"இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

வந்தவர் போனவருக்கெல்லாம் இத்தனை வருடமாகச் சொன்ன பதில் என் நுனிநாக்கில் இருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. "போய் நடந்து பாருங்கோவன்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன்.